ஜும்ஆ உரை: கவனத்தை இழுக்கும் செல்போன்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! குறிப்பாக, கல்லூரியில் படிக்கும் இளைஞர்களே!

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை வேலைப்பாடுள்ள போர்வையை அணிந்து தொழுதார்கள். தொழுகையில் பார்வை ஒரு தடவை அந்த வேலைப்பாட்டின் மீது சென்றது. தொழுது முடித்ததும் அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள சாதாரணப் போர்வையை வாங்கி வரச் சொன்னார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

கவனியுங்கள்! அந்தப் போர்வை ஹராம் அல்ல. ஆனாலும் கவனத்தை இழுத்த பொருளை நபியவர்கள் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை, அப்புறப்படுத்தினார்கள். பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று நாம் நினைக்கிறோமே, மனஉறுதியில் நாம் அவர்களைவிட மேலானவர்களா?

செல்போனும் ஹராம் அல்ல. ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் என்பிடெல்லில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதை நம்பித்தான் வாப்பா கடன் வாங்கி போன் வாங்கித் தந்தார். ஆனால் பாடம் ஓடும் அதே திரையில் ஒரு மெசேஜ் வருகிறது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், ஒரு மணி நேரம் கழித்து ரீல்ஸிலிருந்து தலை நிமிர்கிறார். பாடம் ஐந்தாவது நிமிடத்திலேயே நிற்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2017ல் ஓர் ஆய்வு வெளியானது. போனை மேசையில் கவிழ்த்து, சத்தத்தை அணைத்து வைத்தவர்களைவிட, அடுத்த அறையில் வைத்தவர்களே கவனத் தேர்வில் சிறப்பாகச் செய்தார்கள். நபியவர்கள் போர்வையை அனுப்பிவிட்டதில் நமக்கு எவ்வளவு பெரிய பாடம்!

இளைஞர்களே! ஆயுளை எதில் கழித்தோம், இளமையை எதில் செலவிட்டோம், கற்றதைக் கொண்டு என்ன செய்தோம் என்று மறுமையில் விசாரிக்கப்படாமல் நம் பாதங்கள் நகராது என்று திர்மிதியில் வருகிறது. அந்தக் கேள்விக்கு இன்றே பதிலைத் தயார் செய்யுங்கள்.

பாடத்தை முன்கூட்டியே டவுன்லோட் செய்து, டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். புத்தகம் படிக்கும்போது போனை உம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். மஃரிப் தொழுததிலிருந்து இஷா பாங்கு வரை போதும், இன்றிலிருந்தே தொடங்குங்கள். பெற்றோர்களே! அந்த நேரத்தில் உங்கள் கையிலும் போன் இருக்க வேண்டாம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! அவர்களின் இளமையை வீணாகாமல் காப்பாயாக! ஆமீன்.