'ஐயோ' என்னும் நெஞ்சு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



சில மாதங்களுக்கு முன் ஓரிரவு, உறங்கும் முன் கைபேசியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு விபத்தின் காட்சி கண்ணில் பட்டது. பார்க்க வேண்டாம் என்று நெஞ்சு சொல்லிற்று, விரல் நகரவில்லை. முடிந்ததும் மற்றொன்று வந்தது, அதையும் பார்த்தேன். மறுநாள் காலை திருவாராதனத்தில் எம்பெருமான் திருமுகமண்டலத்தை ஸேவிக்கக் கண் திறந்தால், இடையே அந்தச் சாலையும் அந்த உடலும் நின்றன. ஒரு நாழிகைப் பொழுதில் கண்டதைத் துடைக்கப் பல நாள்கள் ஆயின. இதை எழுத அடியேன் துணிந்தது, இக்குறை அடியேன் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று என்பதனாலேயே.

காணவொண்ணாதவற்றை மனிதர் ஏன் காண்கின்றனர்? கொடுமையில் விருப்பம் உள்ளவர்களே காண்பார்கள் என்று நினைப்போம். உண்மை வேறு. 2014ஆம் ஆண்டில் ஐ.எஸ். என்னும் பயங்கரவாத அமைப்பு, தன்னிடம் சிக்கிய பிணைக்கைதிகளைக் கொல்லும் காட்சிகளை இணையத்தில் பரப்பியது. அவற்றை யார் பார்த்தார்கள், ஏன் பார்த்தார்கள் என்று கலிபோர்னியாவின் அர்வைன் நகரிலுள்ள பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து, 2019இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐவரில் ஒருவர், ஒரு பகுதியையேனும் பார்த்திருந்தார். நடந்தது மெய்தானா என்று அறியவும், என்னதான் இருக்கிறது என்னும் ஆவலாலுமே பார்த்ததாகப் பலர் கூறினர். கவனிக்கத்தக்கது இது: முன்னமே அச்சம் மிகுந்திருந்தவர்களே பார்க்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது, பார்த்தவர்களிடம் பின்னாளிலும் அச்சமும் மனக்கலக்கமும் மிகுதியாகவே காணப்பட்டன.

ஆக, அஞ்சினவன் அச்சம் தீரப் பார்க்கிறான். பார்த்ததனால் அச்சம் தீரவில்லை. இது உப்புநீர் பருகி விடாய் தீர்க்கப் பார்ப்பது போன்றது. இதன் வேரை நம் ஸம்ப்ரதாயத்தின் கண்கொண்டு பார்த்தால், ‘எல்லாத் தீங்கையும் முன்னமே அறிந்துகொண்டால் என்னை நானே காத்துக்கொள்வேன்’ என்னும் எண்ணம் உள்ளே இருப்பது தெரியும். ரக்ஷகன் ஒருவன் இருக்கிறான் என்னும் மஹாவிச்வாஸம் தளர்ந்த இடத்தில்தான், கண் ஓயாமல் காவல் காக்கத் தொடங்குகிறது.

கருவியும் இதற்குத் துணை நிற்கிறது. எக்காட்சியில் நாம் சற்று நின்றோமோ, அதைப் போன்றவற்றையே செயலி மேன்மேலும் கொணர்ந்து வைக்கும். விருப்பினால் நின்றோமா, வெறுப்பினால் நின்றோமா என்பது அதற்குத் தெரியாது. வாஸனையின் இயல்பும் இதுவே. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், விஷயங்களை நினைப்பவனுக்குப் பற்றும், பற்றினால் விருப்பமும், அதிலிருந்து கோபமும் மயக்கமும் பிறந்து, முடிவில் புத்தி அழிவதைக் கண்ணன் படிப்படியாகக் காட்டினான். அங்கே எம்பெருமானார் தம் பாஷ்யத்தில், இந்திரியங்களை அடக்கியவனாயினும் எம்பெருமானிடத்தில் மனத்தை வையாதவனுக்கு, அநாதியான வாஸனையினால் விஷய நினைவு தவிர்க்கவொண்ணாதது என்று விளக்கியருளினார். அடக்கம் மட்டும் போதாது. நெஞ்சு பற்றி நிற்க நல்லதோர் இலக்கு வேண்டும்.

நம்மாழ்வாரும் திருவாய்மொழியின் ஏழாம் பத்தின் தொடக்கத்தில், ஐந்து இந்திரியங்கள் தம்மை நலிவதை எம்பெருமானிடம் முறையிடுகிறார். மூன்றாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழியில் எம்பெருமானையே விரும்பி ஒவ்வொன்றாய் அலமந்தவையும் இந்திரியங்களே. ஆகையால் இந்திரியம் தானே பகையன்று. அது எதன்மேல் செல்லுகிறது என்பதே கேள்வி.

இங்கே ஒரு ஐயம் எழும். ‘உலகின் துன்பத்தைக் காணாமல் கண்ணை மூடிக்கொள்வது கருணையாகுமோ?’ தகுந்த கேள்வி. இதற்கு விடை நஞ்சீயர் அருளிச்செய்ததாக வழங்கும் வார்த்தையில் இருக்கிறது. தனக்கு வைஷ்ணவத்வம் உண்டோ இல்லையோ என்பதைத் தானே அறியலாம்: பிறர் துன்பம் கண்டவிடத்து ‘ஐயோ’ என்று நெஞ்சு இரங்குமாகில் உண்டு, ‘இவனுக்கு இது வேண்டும்’ என்றிருக்குமாகில் இல்லை என்பது அதன் கருத்து.

இந்த உரைகல்லைக் கைபேசியின் முன் வைத்துப் பார்ப்போம். முதற்காட்சியில் ‘ஐயோ’ பிறக்கிறது. பத்தாவதில் அது மங்குகிறது. நூறாவதில், ‘இது முன்பு பார்த்ததினும் சிறியது’ என்று எடைபோடும் நெஞ்சே மிஞ்சுகிறது. அச்சமும் உறக்கமின்மையும் சிறிய இழப்புகள். இந்த ‘ஐயோ’ மரத்துப்போவதே பெரிய இழப்பு. திரையில் உயிர்விடுகிறவரும் எம்பெருமானுக்குச் சேஷபூதரே. அவருடைய கடைசி மூச்சு நமக்கு வேடிக்கையாகலாகாது. பிறர்க்கு அனுப்பும் பொருளாகவும் ஆகலாகாது.

மீளும் வழி யாது? உறையூரிலிருந்த மல்லர் வில்லிதாஸர், தம் மனைவி பொன்னாச்சியாரின் கண்ணழகில் ஈடுபட்டு, திருவரங்கத்து உத்ஸவக் கூட்டத்தின் நடுவே வெயில் படாதபடி அவருக்குக் குடைபிடித்துச் சென்றார். அதைக் கண்ட உடையவர் அவரை இகழவில்லை. கண்ணை மூடு என்றும் சொல்லவில்லை. இதனினும் அழகிய கண்களைக் காட்டினால் அடிமை செய்வீரோ என்று வினவி, பெரிய பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்று அத்திருக்கண்களைக் காட்டிக்கொடுத்தார். கண்டவர் பிள்ளை உறங்காவில்லி தாஸரானார். சிறிய காட்சியைப் பெரிய காட்சி வென்றது. இதுவே ஆசார்யன் செய்யும் உபகாரம்.

ஆகையால் மூன்று விண்ணப்பங்கள். துன்பச் செய்தியை அறிய வேண்டுமாகில் எழுத்தில் படித்தறிவோம். காட்சியை நாடவேண்டா, பரப்பவும் வேண்டா. ‘ஐயோ’ என்று நெஞ்சு இரங்கினால், அடுத்த காட்சிக்குச் செல்லாமல், இயன்ற உதவியாகவோ அவர்களுக்கான பிரார்த்தனையாகவோ அவ்விரக்கத்தைச் செலுத்துவோம். இரவில் கடைசியாகக் காண்பது திரையாக வேண்டா. திருப்பாணாழ்வார் பத்துப் பாசுரங்களில் திருவடி தொடங்கித் திருக்கண்கள் வரையில் அரங்கனை அநுபவித்தாற்போல, நம் அகத்துப் பெருமாளைத் திருவடி முதலாக ஒருமுறை நினைத்து உறங்குவோம்.

அடியேன் இதைச் செய்யத் தொடங்கிச் சில வாரங்களே ஆயின. பழைய காட்சி இன்னும் சில வேளைகளில் வருகிறது. வரும்போது, முகம் அறியாத அந்த ஆத்மாவுக்காக ஒரு கணம் எம்பெருமானிடம் விண்ணப்பித்துவிட்டு, திருவாராதனத்தைத் தொடர்கிறேன். அன்று சொல்லாமல் விட்ட ‘ஐயோ’வை இன்று சொல்லுகிறேன். குறைகளைப் பொறுத்தருள வேண்டும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்