காலற்ற பறவை

1758-இல் லின்னேயஸ் சொர்க்கப் பறவையின் ஓர் இனத்துக்குக் 'காலற்றது' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த தோல்களில் கால்கள் இருக்கவில்லை. நியூகினியை ஒட்டிய தீவுகளின் வேட்டையாளர்கள், பறவையைப் பாடம் செய்யும்போது கால்களை நீக்கிவிடுவார்கள். கடல் தாண்டி அவற்றைப் பெற்றவர்கள் விஷயத்தை வேறுவிதமாகப் புரிந்துகொண்டார்கள். இது தரையிறங்காத பறவை. பனித்துளியை உண்டு ஆகாயத்திலேயே வாழ்வது. சாகும்போதுதான் மண்ணுக்கு வருவது. கத்தி செய்த காரியத்தைக் கற்பனை தெய்வீகமாக்கிவிட்டது. பிற்பாடு கதை போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

கதையும் முழுக்கப் போய்விடவில்லை என்பதை ராஜா அம்பாட்டில்தான் உணர்ந்தேன். இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில், பாப்புவாவின் மேற்கு முனையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் தீவுகள் அவை. சோரோங் வரை விமானம், அங்கிருந்து வைசாய்க்கு இரண்டு மணி நேரக் கப்பல், பிறகு சிறு படகு. காம் தீவின் தென்கரையில், நீரின்மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள் கொண்ட ஒரு கிராமத்தில் தங்கினேன். காலையில் பறவை, பகலில் கடல். அங்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இதுவே நிகழ்ச்சி நிரல்.

இருள் பிரியுமுன் டார்ச் வெளிச்சத்தில் மலையேறினோம். அழைத்துச் சென்றவர் ஒரு காலத்தில் இதே பறவைகளைப் பிடித்து விற்றவர். அதை அவர் மறைக்கவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. வெளிச்சம் வந்ததும் உயரத்துக் கிளை ஒன்றில் செந்நிறச் சொர்க்கப் பறவைகள் கூடின. ஆண்பறவை தலைகீழாகத் தொங்கிச் சிறகை விரித்து நடுங்கிற்று. வாலிலிருந்து இரண்டு கரிய நாடாக்கள் சுருண்டு ஆடின. இந்தப் பறவை வைகியோ, பத்தாந்தா, காம் போன்ற இச்சில தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பைனாகுலரைச் சற்று இறக்கியபோது வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் பறவையைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் திருப்தியடைந்தோமா என்பதுதான் அன்றைக்கு அவருடைய விளைச்சல்.

இந்தத் தீவுக்கூட்டத்துக்கு 1860-இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இதே செந்நிறப் பறவைக்காக வந்தார். பெஸ்ஸிர் என்ற கிராமத்தில், நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு குடிலில் வாரக்கணக்கில் தங்கினார். பறவை பிடிக்கத் தெரிந்தவர்களுக்குக் கோடரி, கத்தி முதலான பொருட்களை முன்பணமாகக் கொடுத்தார். இதற்கு மூன்று வருஷம் முன்பு, அரு தீவுகளில், உதவியாளன் கொண்டுவந்த உயிரற்ற ராஜ சொர்க்கப் பறவையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நினைத்தவை புகழ் பெற்றவை. அறிவுள்ள கண் எதுவும் காணாமல் இந்த அழகு தலைமுறை தலைமுறையாகக் காட்டில் பிறந்து மடிந்திருக்கிறது. நாகரிக மனிதன் இங்கு வந்துவிட்டாலோ, இதை ரசிக்கத் தெரிந்த அவனாலேயே இது அழியும். ஆகவே உயிர்கள் யாவும் மனிதனுக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. அந்த நூற்றாண்டில் இவ்வளவு தூரம் வந்தவர்கள் சிலரே. ஆனால் அந்த முதல் எண்ணம் உறுத்துகிறது. எந்த மரத்தில், எந்த நேரத்தில், எந்தப் பழத்துக்கு இந்தப் பறவை வரும் என்று அறிந்திருந்த தீவுவாசிகளின் கண்கள் அறிவுள்ள கண்களின் கணக்கில் சேரவில்லை. உபயோகத்துக்காகப் பார்ப்பது பார்வையே அல்ல. எதையும் வேண்டாமல் பார்ப்பதுதான் பார்வை. பறவை பார்க்கப் போகும் நாம் எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்ட கோட்பாடு இது. நாம் எடுப்பதில்லை, கொல்வதில்லை, வெறுமனே பார்க்கிறோம். காலற்ற பறவைகள் நாம்.

மூச்சுக்குழலும் முகக்கண்ணாடியும் இந்த மயக்கத்தைப் பூரணமாக்குகின்றன. நீரில் மிதப்பவனுக்கு எடை இல்லை, பேச்சு இல்லை. கீழே ஓர் உலகம் அவனை லட்சியம் செய்யாமல் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீரிணைக்கு எதிர்க்கரையிலுள்ள க்ரீ முனையில் ஜெரால்ட் ஆலன் என்ற மீனியல் அறிஞர் 2012-இல் ஒரே ஒரு முக்குளிப்பில் 374 வகை மீன்களை எண்ணியிருக்கிறார். நான் எண்ணவில்லை. வெறும் கண்ணாக இருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கண்ணாடிக்குள் நீர் புகுந்தது. மூக்கில் ஏறிற்று. பயத்தில் காலை ஊன்றினேன். ரப்பர் துடுப்பின் வழியாக ஏதோ முறிவது உள்ளங்காலுக்குத் தெரிந்தது. முறிந்தது ஒரு பவளக் கிளை. பாலிப் என்னும் சிற்றுயிர்கள் வருஷக்கணக்கில் சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பிய வீடு.

படகில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் இருந்தான், வழிகாட்டியின் உறவுப் பையன். அவன் பார்த்துவிட்டான். என்னையும் பார்த்தான். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

இந்த மௌனத்தைப் பற்றித்தான் இவ்வளவு நாளும் யோசித்து வருகிறேன். இந்தக் கடலோரங்களில் 'சாசி' என்றொரு வழக்கம் உண்டு. கடலின் ஒரு பகுதியைக் கிராமம் கூடிக் குறிப்பிட்ட காலத்துக்கு மூடிவிடும். கடல் அட்டையோ சிங்கி இறாலோ யாரும் எடுக்கக் கூடாது. மூடும்போதும் திறக்கும்போதும் தேவாலயத்தில் பிரார்த்தனை நடக்கும். மீறுகிறவன் ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சிறுவனின் அண்டைவீட்டுக்காரன் பவளத்தை மிதித்திருந்தால் அவன் கத்தியிருப்பான். என்னிடம் கத்தவில்லை. நான் பணம் கொடுத்திருந்தேன். நுழைவுக் கட்டணம், தங்கும் செலவு, படகுக் கூலி எல்லாம். காசு கொடுத்து நான் வாங்கியவற்றில், என்னை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதும் ஒன்று என்று அப்போது புரிந்தது. கேள்வி கேட்கப்பட முடியாதவனுக்குத்தான் அந்நியன் என்று பெயர்.

பெரிய அளவில் இதுவே 2017 மார்ச்சில் நடந்தது. 4,200 டன் எடையுள்ள ஓர் உல்லாசக் கப்பல், க்ரீ அருகே நீர் வடிந்த வேளையில் பவளத்திட்டின் மேல் ஏறி 13,000 சதுர மீட்டருக்கு மேல் நாசம் செய்தது. அதிலிருந்த பயணிகள் வைகியோவில் பறவை பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் யாரும் கொடியவர்கள் அல்ல. காலையில் மூச்சை அடக்கிக்கொண்டு, கிளை முறியும் சத்தம்கூட எழாமல் காட்டில் நின்றிருப்பார்கள்.

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். இது சுலபமான பதில், ஆகவே சந்தேகத்துக்குரியது. இந்தத் தீவுகளின் மண்ணுக்கு அடியில் நிக்கல் இருக்கிறது. 2025 ஜூனில், பலத்த எதிர்ப்புக்குப் பிறகு, ஐந்து சுரங்க நிறுவனங்களில் நான்கின் உரிமங்களை இந்தோனேசிய அரசு ரத்து செய்தது. பார்க்க வருகிறவர்கள் இல்லையென்றால் தோண்ட வருகிறவர்களைத் தடுப்பது இன்னும் கடினமாகியிருக்கும். எங்கள் வழிகாட்டி கண்ணியை விட்டதும் பார்வையாளர்கள் வந்ததால்தான். இவை உண்மைகள். ஆனால் இவற்றைச் சொல்லிக்கொள்ளும்போது என் குரலில் ஒரு தர்மகர்த்தாவின் சாயல் ஏறிவிடுகிறது. என் வருகை உபகாரமாகிவிடுகிறது. முறிந்த கிளை சில்லறைச் செலவாகிவிடுகிறது.

வாலஸின் புத்தகத்தில் எனக்கு முக்கியமான இடம் வேறு. பெஸ்ஸிரில் முன்பணம் வாங்கியவர்களில் ஒருவனுக்கு ஒரு பறவைகூட அகப்படவில்லை. அவன் கோடரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இன்னொருவன் ஆறு பறவைக்கு ஒப்புக்கொண்டவன். ஐந்தைக் கொடுத்துவிட்டு ஆறாவதற்காகக் காட்டுக்குள் போனான். ஆள் திரும்பவில்லை. படகில் சாமான்கள் ஏறிவிட்டன. புறப்படும் தறுவாயில் அவன் கையில் பறவையோடு ஓடிவந்து கொடுத்துவிட்டு, இனி உமக்கு நான் கடன்பட்டவனல்ல என்று நிறைவோடு சொன்னானாம். அறிவுள்ள கண்களின் கணக்கில் சேராத கண்கள் அவனுடையவை. கடன் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அது உடம்பால் ஓடித் தீர்க்க வேண்டியது. நாமோ முதலிலேயே கட்டணத்தைக் கட்டிவிட்டு, கடனே இல்லாதவர்களாக வந்து இறங்குகிறோம். முன்கூட்டியே தீர்த்துவிட்ட கடன் நம்மை எங்கும் ஓடவைப்பதில்லை.

மாலையில் வழிகாட்டியிடம் சொன்னேன், பவளத்தை நான் மிதித்து முறித்துவிட்டேன் என்று. அவர் சிரித்தார். பரவாயில்லை, வளரும் என்றார். சிறுவன் சற்றுத் தள்ளி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

மறுநாள் படகு வேறு இடத்துக்குப் போயிற்று. காரணம் அவர் சொல்லவில்லை. இறங்கிய பிறகுதான் தெரிந்தது: அங்கே பவளம் என் கால் எட்டாத ஆழத்தில் இருந்தது.