ஒன்பதாவது கேள்வி

மனச்சோர்வைக் கண்டறியப் பொது மருத்துவர்களுக்கென்று க்ரோன்கெ, ஸ்பிட்ஸர், வில்லியம்ஸ் மூவரும் 2001இல் அமெரிக்காவில் வெளியிட்ட பி.எச்.க்யூ.-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. கூட்டுத்தொகை 10ஐ எட்டினால் கவனிக்கவேண்டிய கேஸ். நாளெல்லாம் வங்கியில் கூட்டல் போடும் எனக்கே துக்கத்தைக் கூட்டுவது அபத்தமாகப் படுகிறது. (படிவத்துக்குப் பணம் கொடுத்தது பைசர் மருந்துக் கம்பெனி என்பது வேறு.) இருந்தும் இந்த அபத்தத்தை ஆதரிக்கிறேன்.

முதுகுவலி என்று வருபவனிடம் மருத்துவர் மலச்சிக்கல்வரை விசாரிப்பார். சாகத் தோன்றுகிறதா என்று கேட்கமாட்டார். கேட்டால் நாமே விதைத்ததாகிவிடும் என்பது சாக்கு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நாகரிகம் என்ற பெயரில் நடக்கும் இந்தக் கைவிடலை ஒன்பதாவது கேள்வி தடுக்கிறது. காகிதத்துக்குக் கூச்சமில்லை, அவ்வளவுதான். கூட்டுத்தொகை 6, ஆனால் ஒன்பதாவதற்கு 1 போட்டிருக்கிறான் என்றால், மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு, 'எப்போதிலிருந்து?' என்று கேட்டு, பதில் வரும்வரை அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல் இருக்கவேண்டும்.