குஞ்சுக்காக ஒரு கொலை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே குடியிருந்தும், கோழி வளர்க்கும் ஆசை என்னை விடவில்லை. ஒருநாள் குஞ்சொன்று குறைந்தது. விறகடியில் சாரைப்பாம்பு கிடந்தது. சாட்சியுமில்லை, விசாரணையுமில்லை, அடித்துக் கொன்றேன்.

மறுநாளும் ஒரு குஞ்சைக் காணோம்! சுவரோரம் பெருச்சாளி வளை. சாரை குஞ்சைத் தொடாது என்று சொல்லவில்லை. ஆனால் அது விஷமற்றது, எலி பிடித்து நமக்கு உழைப்பது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதற்கும் காப்பளிக்கிறது. பெருச்சாளியை அழைத்ததோ, இரவில் நான் அள்ளாமல் விட்ட தீவனம்.

"அந்தியிலே பஞ்சாரத்துல கவுக்காதது ஆரு குத்தமுங்க, தம்பி?" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

பதில் சொல்ல நா எழவில்லை. நான் காத்த குஞ்சும் தீபாவளிக்கு என் இலைக்கு வரவேண்டியதுதானே? இப்போது கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்திருக்கிறேன். காவலுக்குச் சோம்பியவனுக்குத்தான் கொலை சுலபமாகத் தோன்றுகிறது.