வாங்கும் கையின் அறம்

கொடுப்பதைப் பற்றி நம் சமயங்கள் நிறையவே பேசியிருக்கின்றன. வாங்குவதைப் பற்றியும் பேசியிருக்கின்றன. அதை நாம் அதிகம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மைசூரு போன்ற ஒரு நகரத்தின் மாமன்றம் மத்திய அரசின் நகர மேம்பாட்டு நிதியைக் கேட்பதா வேண்டாமா என்று கூடிப் பேசும்போது, பேச்செல்லாம் கோடிகளைச் சுற்றியும் பங்கு விகிதங்களைச் சுற்றியுமே நடக்கும். வருகிற பணத்தை யாராவது வேண்டாம் என்பார்களா என்று ஒருவர் கேட்டதும் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். மீதிப் பேர், தில்லியில் போய்க் கையேந்துவதா என்று மானப் பிரச்சினையாக்குவார்கள். இரண்டு தரப்பும் தொடாத கேள்வி ஒன்று உண்டு. உடலும் மனசாட்சியும் தனக்கென இல்லாத ஒரு நகரம், பெறுவதில் அறம் தவற முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. நிதி கேட்பதால் அந்தத் தவறு நேர்ந்துவிடாது. எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்துவிட்டு, அதற்கேற்பத் தன் தேவையை வளைத்துக்கொள்ளும்போதுதான் நேர்கிறது.

முதலில் மானப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். தானம் வாங்குவது ஆபத்தானது என்பது இந்த நாட்டின் பழைய நம்பிக்கை. கொடுப்பவரின் பாவமும் தானத்தோடு சேர்ந்து வாங்குபவரிடம் வந்துவிடும் என்ற அச்சம் காசியின் புரோகிதர்களிடம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை ஜோனதன் பாரி என்ற மானிடவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். வள்ளுவரோ இரவு, இரவச்சம் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். முன்னதில் தகுந்தவரிடம் கேட்பதற்கு இடம் தருகிறார், பின்னதில் கேட்பதையே அஞ்சச் சொல்கிறார். ஆனால் மத்திய நிதிக்கு இந்த அச்சம் பொருந்தாது, ஏனென்றால் அது தானமே அல்ல. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிஎஸ்டி, நுழைவு வரியையும் கேளிக்கை வரியின் பெரும்பகுதியையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. மைசூரின் தேவராஜ மார்க்கெட் பக்கம் ஒருவர் வாங்கும் சோப்புக்கும், தசராவுக்கு வருபவர் தங்கும் விடுதி அறைக்கும் செலுத்தப்படும் வரியில் ஒரு பகுதி தில்லிக்குப் போகிறது. போனதில் ஒரு பங்கு திரும்பி வர வேண்டும் என்பதற்காகத்தான் அரசமைப்பின் 280ஆம் பிரிவு நிதிக்குழுவை ஏற்படுத்தியது. 2024 பிப்ரவரி 7 அன்று கர்நாடக அமைச்சர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து போராடியதும் இதற்காகவே. 14ஆம் நிதிக்குழுவின் காலத்தில் 4.713 சதவீதமாக இருந்த மாநிலத்தின் பங்கு, 15ஆம் நிதிக்குழுவின் கீழ் 3.647 ஆகக் குறைந்தது அவர்களின் குறை. போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய முதல்வர் சித்தராமையா மைசூருப் பக்கத்துக்காரர். தன் வரியில் தனக்குரியதைக் கேட்பது பிச்சையாகாது.

அப்படியானால் எவ்வளவு கிடைத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? இங்கேதான் கன்னட மண்ணிலேயே பிறந்த ஒரு கதை குறுக்கே நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவண்ணரைச் சுற்றிக் கூடிய சரணர்கள் என்ற சிவனடியார்களில் மாரய்யா, லக்கம்மா என்ற ஏழைத் தம்பதி இருந்தார்கள். சிதறிக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கி வருவது மாரய்யாவின் அன்றாட வேலை. அந்த அரிசியைச் சமைத்து அடியார்களுக்குப் படைத்துத் தாங்களும் உண்பார்கள். ஒரு நாள் வழக்கத்தைவிட அதிகமாக அரிசி சிந்திக் கிடக்க, அவர் அதிகமாகவே அள்ளி வந்தார். லக்கம்மா ஒரு பார்வையிலேயே அளவைக் கண்டுகொண்டார். கூடுதலாக வந்ததைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வரச் சொன்னார். திருட்டு அரிசி அல்ல அது. யாரும் தடுக்கவில்லை, பசவண்ணரே வேண்டுமென்று சிதறச் செய்ததாகவும் மரபு சொல்கிறது. ஆனாலும் அது அவர்களின் தேவையிலிருந்து வந்த அளவு அல்ல, கிடைத்ததிலிருந்து வந்த அளவு. சரணர்கள் காயகம் என்ற உழைப்பையும் தாசோகம் என்ற பகிர்தலையும் ஒன்றோடொன்று பிணைத்தார்கள். உழைக்கும் கைதான் பகிரலாம். அந்தக் கை எவ்வளவு எடுக்கலாம் என்பதை அந்த வீட்டின் அடுப்பு சொல்ல வேண்டும், வெளியே கிடக்கும் குவியல் சொல்லக் கூடாது. மைசூருக்குப் பக்கத்தில் சுத்தூர் மடத்தில் வருபவர்க்கெல்லாம் இன்றும் சோறு போடும் தாசோகம் இதே மரபில் வந்ததுதான்.

நகரங்களுக்கு வருவோம். 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் முதலில் 63 நகரங்கள் சேர்க்கப்பட்டன. பாரம்பரிய, சுற்றுலா முக்கியத்துவம் கருதி மைசூரும் அவற்றில் ஒன்றாயிற்று. பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு மத்திய அரசு 80 சதவீதம், மாநிலம் 10, நகராட்சி 10 என்பது விதி. நூறு ரூபாய் வேலையைப் பத்து ரூபாய்க்கு முடிக்கலாம் என்றால் எந்த வேலைதான் தேவையற்றதாகத் தோன்றும்? பேருந்து நிலையங்களும் பேருந்துகளும் வந்தன. பயணிகளுக்குப் பயன்பட்டன, மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய நிதி எதற்குக் கிடைக்கிறது, எதற்குக் கிடைக்காது என்பதையும் பார்க்க வேண்டும். கட்டுவதற்குக் கிடைக்கும், கட்டியதைக் காப்பாற்றுவதற்குக் கிடைக்காது. வாங்குவதற்குக் கிடைக்கும், ஓட்டுபவரின் சம்பளத்துக்குக் கிடைக்காது. மன்னர் காலத்து லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012இல் இடிந்து உயிர்ப்பலி வாங்கியது. 2016 ஆகஸ்டில் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி சரிந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, பழுதுபார்ப்பதா என்ற சண்டை உயர் நீதிமன்றம்வரை போயிற்று. அந்தக் கட்டடங்களுக்கு வேண்டியிருந்தது ஆண்டுதோறும் கொஞ்சம் சுண்ணாம்பும் கூரை ஒழுகலைக் கவனிக்க ஓர் ஆளும். அப்படிப்பட்ட சின்னத் தேவைக்கு எந்தத் திட்டத்திலும் விண்ணப்பப் படிவம் இருப்பதில்லை.

கிடைக்கும் பணத்துக்கேற்பத் தேவையை வளைக்கும் இந்த நோய் அமெரிக்காவில் இன்னும் முற்றிய நிலையில் தெரிந்தது. 1949 வீட்டுவசதிச் சட்டத்தின்படி, சீர்கெட்ட பகுதிகளை வாங்கி இடிப்பதில் நகரங்களுக்கு ஏற்படும் நிகர இழப்பில் மூன்றில் இரண்டு பங்கைக் கூட்டாட்சி அரசு ஏற்றது. பணம் இடிப்பதற்குத்தான் என்று ஆனபின், இடிக்க வேண்டிய இடங்களை நகரங்கள் தேடிக் கண்டுபிடித்தன. பாஸ்டனில் வெஸ்ட் எண்ட் என்ற உழைப்பாளர் குடியிருப்பு 1950களின் இறுதியில் அப்படித்தான் துடைத்தெறியப்பட்டது. அங்கிருந்தவர்கள் அதைச் சேரி என்று நினைத்து வாழவில்லை.

நிதியைத் துரத்தாமலே ஒரு நகரம் சிறக்க முடியும் என்பதற்கான சான்றும் மைசூரிலேயே கிடைக்கிறது. 2015 ஆகஸ்டில் 476 நகரங்களின் தூய்மைத் தரவரிசையில் மைசூரு முதலிடம் பிடித்தது. 2016இல் 73 நகரங்களுக்குள் மறுபடியும் முதலிடம். அதே 2015 ஆகஸ்டில் வெளியான, மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டப் பட்டியலில் மங்களூரு, பெலகாவி, சிவமொக்கா, ஹுப்பள்ளி-தார்வாடு, தும்கூரு, தாவணகெரே இருந்தன, மைசூரு இல்லை. நகரத்தில் அதிருப்தி எழுந்தது இயல்பே. ஆனால் முதலிடத்தைத் தந்தது எது? 1903இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியத்தின் காலத்திலிருந்து சேர்ந்துவந்த ஒழுங்கான தெருக்களும் சாக்கடைகளும் ஒரு பங்கு. குப்பையைத் தரம் பிரித்துத் தரும் வீடுகள் ஒரு பங்கு. விடியற்காலையில் துடைப்பத்தோடு இறங்கும் பௌரகார்மிகர்கள் என்ற துப்புரவுத் தொழிலாளர்கள் பெரும் பங்கு. அவர்களின் வேலையைக் காயகம் என்று புகழ்ந்து கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். பெரும்பாலும் தலித்துகளான அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளாக வைக்கப்பட்டிருந்ததையும், 2022 ஜூலையில் கர்நாடகம் முழுக்க வேலைநிறுத்தம் செய்த பிறகே பணி நிரந்தரம் பற்றி அரசு வாக்குக் கொடுத்ததையும் அந்தப் புகழ்ச்சி மறைத்துவிடும். நகரத்துக்குப் பெயர் வாங்கித் தந்த உழைப்புக்கான சம்பளம் நகரத்தின் சொந்த வருவாயிலிருந்து வர வேண்டியிருக்க, மேம்பாட்டு நிதியோ இயந்திரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் வருகிறது.

நிதியோடு வரும் நிபந்தனைகள் நல்லவைதானே, அவை இல்லாவிட்டால் நம் நகராட்சிகள் திருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 15ஆம் நிதிக்குழு 2021-26 காலத்துக்கான நகர மானியங்களுக்கு இரண்டு வாயில்களை வைத்தது: கணக்குகளை இணையத்தில் வெளியிட வேண்டும், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, மாநில உற்பத்தியின் வளர்ச்சியை ஒட்டி வசூலையும் உயர்த்த வேண்டும். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம்வரை உயர்த்தியபோது இந்த நிபந்தனையைத்தான் காரணம் காட்டியது. மக்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் இத்தகைய நிபந்தனையில் ஒரு நேர்மை இருக்கிறது. முதலில் உன் கையால் உழை, பிறகு கேள் என்கிறது அது. கணக்கைக் காட்டு என்பதும் அப்படியே. ஸ்மார்ட் சிட்டி திட்டம் விதித்தது வேறு வகை. பணத்தைச் செலவிட ஒவ்வொரு நகரமும் நிறுவனச் சட்டத்தின்கீழ் ஒரு தனி நிறுவனத்தைத் தொடங்கி, அதற்கொரு தலைமைச் செயல் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்றது. மாநகராட்சியும் அதில் பங்குதாரர்தான். ஆனால் எந்தத் தெருவுக்கு என்ன வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மன்றத்திலிருந்து இயக்குநர் குழுவுக்கு மாறிவிட்டது. உழைக்கச் சொல்லும் நிபந்தனையை ஏற்கலாம். லக்கம்மாவின் கண்ணைக் கட்டிவிடும் நிபந்தனையை ஏற்கக் கூடாது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. தம்பதி இருவர் தங்கள் சோற்றைக் குறைத்துக்கொள்வது துறவு. ஒரு மாமன்ற உறுப்பினர் தன் வார்டில் ஒரு குழந்தைக்கு வர வேண்டிய குடிநீரைக் கொள்கையின் பேரில் மறுப்பது துறவாகுமா? அடுத்தவர் வயிற்றில் தன் நோன்பை நோற்பதல்லவா அது? இதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் மாமன்றத்துக்குச் சரியான உவமை துறவியல்ல, கோயில் அறங்காவலர். இந்தியச் சட்டத்தில் கோயிலின் தெய்வம் சொத்து வைத்திருக்கக்கூடிய சட்ட நபர், மாநகராட்சியும் அப்படியே. தெய்வத்துக்கு வரும் நன்மையைத் தட்டிக்கழிக்க அறங்காவலருக்கு உரிமை இல்லை; தன் மானம், தன் கட்சி, தன் கொள்கை எதுவும் அங்கே செல்லாது. அதேபோல, எண்ணெய்க்கும் திரிக்கும் வருமானம் இல்லாத கோயிலுக்கு ஆயிரம் விளக்குகளை ஏற்றுக்கொண்டு, பிறகு நிலத்தை விற்று எரிப்பதற்கும் அவருக்கு உரிமை இல்லை. ஆகவே குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் மைசூரு கூச்சமில்லாமல் கேட்கட்டும். ஏழை நகரம் முழுத் தொகையையும் கேட்கட்டும். மாரய்யாவும் பொறுக்கித்தானே உண்டார், லக்கம்மா அதைத் தடுக்கவில்லையே. ஆனால் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் அடுத்த இருபது ஆண்டுப் பராமரிப்புச் செலவும், அதற்கான வரி எங்கிருந்து வரும் என்பதும் மன்றத்தின் மேசையில் இருக்க வேண்டும். திட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே நகரத்தின் தேவைப் பட்டியல் எழுதப்பட்டிருக்க வேண்டும். அறிவிப்பு வந்தபின் எழுதப்படும் தேவைகளை நான் நம்புவதில்லை.

அந்தப் பட்டியலை எழுதப்போவது யார்? 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசமைப்புத் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிக்கு உரியவை என 18 பணிகளை அட்டவணையிட்டது. பழைய மன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரிவரை நகர மன்றங்கள் இல்லை. அந்த இடைவெளியில் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. மைசூரு மாநகராட்சியின் 65 வார்டுகளுக்கு 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2023 நவம்பரில் முடிந்தது. உரிய காலத்தில் தேர்தல் நடக்கவில்லை. நகரம் நிர்வாக அதிகாரியின் கைக்குப் போனது. எங்கள் வரி எங்கள் உரிமை என்று ஜந்தர் மந்தரில் முழங்கிய மாநில அரசு அப்போது அந்த உரிமையைத் தன் முதல்வரின் சொந்த ஊருக்கே கொடுக்காமல் வைத்திருந்தது. அளவு சொல்ல ஆளில்லாத வீட்டில் எவ்வளவு அரிசி வந்தாலும் அது சரியா அதிகமா என்று யாருக்கும் தெரியாது. அதிகாரி நேர்மையானவராகவே இருக்கட்டும். மாற்றல் வந்தால் அவர் போய்விடுவார், அவர் கையெழுத்திட்ட கடமைகள் நகரத்தில் தங்கிவிடும். கர்நாடக அரசு தில்லியிடம் கேட்பதைக் கேட்கட்டும். ஆனால் எந்த நகரத்தின் பெயரில் கேட்கிறதோ, அந்த நகரத்தின் தேர்தலை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.