நண்பன் ஒரு படிக்கட்டா?

படித்து முடித்தவர் வேலை தேடி அலைவதும், அது கிட்டாதபோது மனம் சோர்வதும் நம் நாட்டில் புதிய செய்தியல்ல. அந்தச் சோர்வின் வாசலில் ஓர் அழைப்பு வந்து நிற்கின்றது. "உனக்கு நீயே முதலாளி, சில ஆண்டுகள் உழைத்தால் போதும், பின்னர் உறங்கும்போதும் வருமானம் வரும்" என்பது அவ்வழைப்பு. நெட்வொர்க் மார்க்கெட்டிங், எம்.எல்.எம். என்னும் பெயர்களில் வழங்கும் இந்தப் பலநிலை விற்பனையை, நம் இளைஞருள் சிலர் துணை வருமானமாக அன்று, வாழ்க்கைத் தொழிலாகவே கருதத் தலைப்பட்டுள்ளனர்.

அவர்களைப் பேராசைக்காரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது முறையன்று. பட்டம் பெற்றும் சொற்ப ஊதியத்திற்கு அலைபவனை, டை கட்டி, மேடையேற்றி, பலர் முன் கைதட்டிப் பாராட்டும் இடம் அது. வீட்டில் கிடைக்காத மதிப்பு அங்கே கிடைக்கின்றது. "எந்தத் தொழிலில்தான் நட்டம் இல்லை? நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே!" என்று அவர்கள் கேட்பதற்கு நாம் விடை கூறியாக வேண்டும்.

பொருளை விற்று நியாயமான ஆதாயம் பெறுவதில் தவறில்லை. வீடு வீடாகச் சென்று சேலை விற்கும் தாய்மாரின் உழைப்பு மதிப்பிற்குரியது. ஆனால் வருமானம், பொருளை வாங்கிப் பயன்படுத்துவோரிடமிருந்து வராமல், புதிதாகச் சேர்வோர் கட்டும் பணத்திலிருந்து வருமாயின், அது வணிகமன்று, ஆள் சேர்ப்பு. 1978-ஆம் ஆண்டே பணச்சுழற்சித் திட்டங்களை நம் நாட்டுச் சட்டம் தடை செய்தது. 2021-இல் வெளியான நேரடி விற்பனை விதிகளும், ஆள் சேர்ப்பதற்கே ஆதாயம் தரும் பிரமிடு திட்டங்களைத் தடுக்கின்றன.

கணக்கு எளியது. ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கிறார். அவர்கள் ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்கின்றனர் என்று கொள்வோம். ஆறு 36 ஆகும். 36 பின்னர் 216 ஆகும். பத்து நிலைகளையும் கூட்டினால் 7,25,59,410 பேர் தேவை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மக்கள்தொகையே 7,21,47,030 தான்! தொட்டிற் குழந்தையைச் சேர்த்தாலும் ஆள் போதாது. அதற்கு முன்னரே அடுக்கு நின்றுவிட்டாலும், சேர்ந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஐவர் கடைசி வரிசையில் இருப்பர். அவர்களுக்குக் கீழே எவருமில்லை.

அறநெறிக் கேள்வி இங்கேதான் எழுகின்றது. தையற்கடை ஒன்று செழிப்பதற்கு வாடிக்கையாளர் இழப்படைய வேண்டியதில்லை. இங்கோ மேல்வரிசை பெறுவது கீழ்வரிசை இழந்ததையே. பலரது நட்டம் தற்செயலாக நேர்வதன்று, ஏற்பாட்டிற்குள்ளேயே அமைந்திருப்பது. கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் இந்தக் கணக்கை மறைத்துப் பெற்ற சம்மதம் முழுமையான சம்மதமாகுமா?

அந்த ஆறு பேர் யார்? பள்ளித் தோழன், சித்தி மகன், அன்பியத்தில் அருகில் அமர்பவர். அவர்கள் பணம் கட்டுவது பொருளின் தரத்தை நம்பியன்று, அழைத்தவரை நம்பி. பல்லாண்டு வளர்ந்த நம்பிக்கையே இங்கு முதலீடாக இறக்கப்படுகின்றது. பணம் போனால் மீண்டும் ஈட்டலாம். அந்த நம்பிக்கை திரும்புவது அரிது. மனிதரை வெறும் கருவியாகக் கையாளலாகாது என்று இம்மானுவேல் காண்ட் 1785-இல் வாதிட்டார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உழைப்பைப் பற்றி 1981-இல் எழுதிய சுற்றுமடலில், உழைப்பு மனிதனுக்காகவே அமைந்தது என்பதை வலியுறுத்தினார். தோழனைப் படிக்கட்டாக்கி ஏறும் தொழிலை இவ்விரு அளவுகோல்களும் ஏற்கமாட்டா.

எனவே, அழைப்பைப் பெறும் இளைஞர் இரண்டை மட்டும் கேட்டுப் பார்க்கட்டும். ஒருவரையும் சேர்க்காமல், பொருளை மட்டும் விற்று நான் பிழைக்க முடியுமா? நான் சேர்ப்பவரிடம் இந்தக் கணக்கு முழுவதையும் கூறிய பின்னும் அவர் சேர்வாரா? இரண்டிற்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்காவிடில் விலகி நிற்பதே நேர்மை.

பெரியோராகிய நமக்கும் ஒரு கேள்வி உண்டு. சிறிய சம்பளத்தில் நேர்மையாக உழைக்கும் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு நாம் எத்தனை முறை சிறுமைப்படுத்தியிருக்கிறோம்? அவன் அந்த மேடையில் தேடிய மதிப்பை நம் வீட்டுத் திண்ணையிலேயே கொடுக்க, நமக்குப் பணம் ஏதும் செலவாவதில்லை.