சாமி பார்த்துக்கும் என்றால் என்ன அர்த்தம்?



கெடாவில் தோட்டத்திலோ தோட்டத்துக்குப் பக்கத்துப் பட்டணத்திலோ வளர்ந்த யாருக்கும் "சாமி பாத்துக்கும்" என்ற வார்த்தை புதிதில்லை. அப்பாவுக்கு வேலை போனால் அதுதான். எஸ்டிபிஎம் முடிவு சரியில்லை என்றால் அதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதும் அதுதான். சொல்கிறவர்கள் மனசாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிறவனுக்குச் சில நாள் ஆறுதலாக இருக்கும், சில நாள் எரிச்சலாக வரும். என்னத்தைப் பார்த்துக்கும்? எப்படிப் பார்த்துக்கும்? தேவார வகுப்பில் இதைக் கேட்டால் "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று அடக்கிவிடுவார்கள். நம் குடும்பங்களில் இதை எண்பது வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள் என்பதுதான் உண்மை.

1942லும் 1943லும் ஜப்பானியர்கள் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். நாம் சயாம் மரண ரயில் என்று சொல்வது அதைத்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். சிலரை நல்ல சம்பளம் என்று ஏமாற்றி, சிலரைப் பிடித்து ஏற்றி. காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி, அடி. 1943 அக்டோபரில் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் சேர்ந்தது. அங்கே செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கும் மேல். காஞ்சனாபுரி கல்லறைத் தோட்டத்தில் அவர்களில் பல ஆயிரம் பேருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. மதிப்பீடுதான். எண்ணி வைக்க யாரும் இல்லை.

என் பூட்டனும் போனவர். கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவரோடு லாரி ஏறியவர்களில் ஒருவர் மட்டும் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாராம். "மாரியாத்தாதான் என்னைக் காப்பாத்துனா" என்று சொல்லி, அந்த வருஷத் திருவிழாவில் தீ மிதித்தாராம். எங்கள் பூட்டி அவரிடமே கேட்டிருக்கிறார்: "அப்ப எம் புருஷனுக்கு அவ ஆத்தா இல்லியாண்ணே?"

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இறைநம்பிக்கையைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைக்கிறேன். திரும்பி வந்தவர் நன்றி சொன்னது நியாயம். அவர் தீ மிதித்ததில் தப்பே இல்லை. ஆனால் அதிலிருந்து, திரும்பாதவர்களுக்குப் பக்தி குறைவு என்று யாராவது கணக்குப் போட்டால் அது பாவம். அந்த லாரியில் ஏறிய எத்தனையோ நெற்றியில் திருநீறு இருந்திருக்கும். "உண்மையான பக்தி இருந்தா ஒண்ணும் ஆகாது" என்று இன்றைக்கும் நம்மில் சிலர் மேடையில் பேசுகிறார்கள். புற்றுநோய் வார்டில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அந்த வாக்கியம் அவர் காதில் எப்படி விழும் என்று யோசித்துவிட்டுப் பேசுவது நல்லது.

பூட்டி அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதை நிறுத்தவில்லையாம். கேள்வி கேட்டதையும் நிறுத்தவில்லையாம். இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் சுந்தரரை நினைத்துப் பார்க்க வேண்டும். கண் பார்வை இழந்தபின் கோயில் கோயிலாகப் போய் இறைவனிடம் சண்டையே போட்டார் அவர். அவரைத் தம்பிரான் தோழர் என்றுதான் சைவம் கொண்டாடுகிறது. உறவு இருக்கிற இடத்தில்தான் இப்படிச் சண்டை போட முடியும். கடவுளே இல்லை என்று முடிவு செய்தவன் யாரிடம் போய்ச் சண்டை போடுவான்?

சரி, சண்டை போட்டாச்சு. அப்புறம்?

பெரியபுராணத்தில் திருவீழிமிழலைப் பஞ்சக் கதை வருகிறது. அப்பரும் சம்பந்தரும் அங்கே தங்கியிருந்த காலம். மழை பொய்த்து ஊரே பட்டினி. சிவபெருமான் கனவில் வந்து, பஞ்சம் தீரும்வரை ஆளுக்கொரு காசு தினமும் பீடத்தில் வைப்பதாகச் சொல்கிறார். அதைக்கொண்டு இரண்டு மடத்திலும் அடியார்களுக்குச் சோறு போடுகிறார்கள். அப்பர் மடத்தில் நேரத்தோடு பந்தி முடிந்துவிடும். சம்பந்தர் மடத்தில் மட்டும் தாமதம். விசாரித்தால், சம்பந்தருக்குக் கிடைத்த காசு வாசி உள்ளது, அதாவது கடைக்காரர்கள் மதிப்பைக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். பேரம் பேசிச் சாமான் வாங்கி வருவதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிடும். அப்பரோ உழவாரம் பிடித்துக் கையால் தொண்டு செய்கிறவர், அதனால் அவருக்கு வாசி இல்லாத காசு என்று காரணம் சொல்லப்படுகிறது. சம்பந்தர் சும்மா இருக்கவில்லை. நல்ல காசாகக் கொடு என்று பதிகம் பாடியே வாங்கிவிட்டார்.

சின்ன வயதில் இதை அற்புதக் கதையாகத்தான் கேட்டேன். இப்போது என் கண்ணில் படுவது வேறு. ஊரையே காப்பாற்ற நினைத்த இறைவன் மழையைக் கொட்டவில்லை, சோற்றுப் பானையை இறக்கவில்லை. காசு கொடுத்தார். கடைக்குப் போனதும், பேரம் பேசியதும், அரிசி சுமந்ததும், உலை வைத்ததும் மனிதர்கள். எல்லாரும் "சாமி பாத்துக்கும்" என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தால் காசு பீடத்திலேயே கிடந்திருக்கும்.

இதே மாதிரி ஒன்று நம் கெடாவிலும் நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேலையும் போகும், லயத்து வீடும் போகும், தாத்தா கட்டிய கோயிலும் யாரோ ஒருவர் நிலத்தில் நிற்கும். அந்த நேரத்தில், 1960ல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!) தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். அந்தப் பத்து வெள்ளி கட்டிய கைகள்தான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய கைகள். வீடு பறிபோகுமா என்று தெரியாத நாளில், கண்ணால் பார்க்காத ஒரு சங்கத்திடம் கைக்காசைக் கொடுப்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! எல்லாத் தோட்டமும் பிழைக்கவில்லை என்பதும் உண்மை. பல இடங்களில் இன்று லயம் இருந்த சுவடே இல்லை, செம்பனையும் வீடமைப்புத் திட்டமும்தான்.

நான் படிப்பது சிவில். பாலம் வடிவமைக்கும்போது கணக்குக்கு மேலே ஒரு பாதுகாப்பு அளவு சேர்த்துத்தான் போடச் சொல்வார்கள், ஏனென்றால் நமக்குத் தெரியாதது எப்போதும் இருக்கும். சாமி கும்பிடுகிற எஞ்சினியரும் அதைப் போட்டே ஆக வேண்டும். புது லாரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறவரும் பிரேக்கைச் சோதித்துவிட்டுத்தான் கிளம்புகிறார். இதில் யாருக்கும் முரண்பாடு தெரிவதில்லை. சோதனை என்று வந்தால் மட்டும் ஏன் பிரார்த்தனையையும் முயற்சியையும் இரண்டு கட்சியாகப் பிரிக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

இதை எழுதக் காரணம் என் கூடப் படிக்கும் ஒரு நண்பன். அவன் அப்பாவுக்குப் பக்கவாதம். அம்மா முப்பது வருஷமாக வெள்ளிக்கிழமை விரதம். "இதுக்கு மேல அவங்க என்னதான்டா செய்யணும்?" என்று கேட்டான். அவங்க செய்ய வேண்டியது எதுவுமில்லை. திங்களும் வியாழனும் காலையில் அப்பாவைப் பாடாங் செராயிலிருந்து சுங்கைப் பட்டாணிக்கு உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேண்டும். வீட்டில் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். வியாழனுக்கு எங்கள் கோயில் இளைஞர்களில் ஒருவர் கார் கொடுத்திருக்கிறார். திங்களுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. முடிந்தவர்கள் நம் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.